மறுக்கப்பட்ட உடையின் நேர்த்தி

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விழுப்புரத்தின் விடுதிகளில் அறை கிடைக்காது. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து இறங்கும் நாட்கள் அவை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கூவாகம் கிராமம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் அலங்காரம், அழகிப் போட்டி, கலைநிகழ்ச்சி என்று விழாவின் நகரத்துப் பகுதிக்கு விழுப்புரம்தான் இன்னமும் களமாக இருக்கிறது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஆண்டு தவறாமல் படம் பிடிக்கின்றன. கூட்டம் எவ்வளவு, 'மிஸ் கூவாகம்' பட்டம் யாருக்கு, தாலி கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்ற செய்தியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கண் முன்னால் இத்தனை ஆயிரம் சேலைகள் நடந்துபோகும்போது, சேலையைப் பற்றி, அது கட்டப்பட்ட விதத்தைப் பற்றி, ஜாக்கெட் தோளில் உட்கார்ந்திருக்கும் பாங்கைப் பற்றி எழுதுவோர் அரிது. அந்த உடையைக் கைவேலையாகவும் கலையாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டின் கூர்மையான உடைக் கலகங்களில் ஒன்று அங்கே நடப்பது தெரியும். அந்தக் கூர்மை அதிர்ச்சியிலிருந்து வருவதல்ல, நேர்த்தியிலிருந்து வருவது. தனக்கு உரிமையில்லை என்று சொல்லப்பட்ட உடையை, உரிமை உள்ளவரைவிடச் சிறப்பாக உடுத்திக் காட்டுவதே உடையால் செய்யக்கூடிய பெரிய கலகம்.

இதை விளங்கிக்கொள்ள லண்டன் வரை போய்த் திரும்புவது பயன் தரும். பங்க் உடையின் தாய் என்று உலகம் சொல்லும் விவியன் வெஸ்ட்வுட் 1941-ல் வட இங்கிலாந்தில், பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதியில் பிறந்தார். தாய் ஆலையில் நெசவு வேலை பார்த்தவர். விவியன் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். உடை வடிவமைப்புக்கென்று முறையாகப் படித்துப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1971-ல் மால்கம் மெக்லாரனோடு சேர்ந்து லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண் கடையைத் தொடங்கினார். கடையின் பெயர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. 1974-ல் அது 'செக்ஸ்', 1976-ல் 'செடிஷனரீஸ்'. செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழு உருவானது அந்தக் கடையைச் சுற்றித்தான். கிழிந்த சட்டை, ஊக்குக் குத்திய துணி, தோல் வார், சங்கிலி எல்லாம் அங்கிருந்து உலகத் தெருக்களுக்குப் பரவின. 1977-ல் அரசி எலிசபெத்தின் வெள்ளிவிழாக் கொண்டாட்டத்தின்போது, அரசியின் உதட்டில் ஊக்குக் குத்தியதாக ஓவியக் கலைஞர் ஜேமி ரீட் செய்த படம் அந்தக் கடையின் டிசர்ட்டுகளில் ஏறியது. வெஸ்ட்வுட் என்றால் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பது இவ்வளவுதான். கிழித்தவர், குத்தியவர், திட்டியவர் என்று.

அந்த நினைவு அவருக்கு நியாயம் செய்யவில்லை. 1976-ல் வந்த 'பாண்டேஜ்' கால்சட்டையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவ வீரரின் கால்சட்டையை அடிப்படையாகக் கொண்ட வெட்டு அது. இரண்டு முழங்காலையும் இணைக்கும் ஒரு வார், கவட்டைக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடும் ஜிப், பின்னால் தொங்கும் ஒரு துணி மடல். அணிந்தவர் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் அந்த வார் இழுக்கும். கட்டுண்டிருப்பது உடம்புக்கே தெரியும். பார்ப்பவரை மிரட்டுவது போலத் தோன்றினாலும் அந்தக் கால்சட்டை முதலில் பேசுவது அணிந்தவரோடு. நல்ல வெட்டுக்காரரின் கை இல்லாமல் இது கூடிவராது. அதே காலத்து மஸ்லின் சட்டைகளும் அப்படித்தான். கை அளவுக்கு மீறி நீண்ட சட்டைக்கைகளை மடித்துக் கொக்கியில் மாட்டும்படி செய்திருப்பார்கள். அந்த மெல்லிய துணியில் அச்சிட்ட படங்களில் ஸ்வஸ்திகாவும் இருந்தது. நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள் உயிரோடு நடமாடும் ஊரில், முந்தைய தலைமுறையைச் சீண்டுவதற்காக அந்தச் சின்னத்தை எடுத்தது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அந்தப் பிழையும் ஒரு சான்றுதான். அதிர்ச்சிக்காக ஒட்டப்பட்ட சின்னம் இன்று கூசவைக்கிறது. வெட்டிலும் தையலிலும் யோசித்துச் செய்தவற்றை இன்றும் தையற்கலை மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள்.

பங்க் அலை ஓய்ந்ததும் வெஸ்ட்வுட் செய்ததுதான் அவரைப் பெரிய கலைஞராக்கியது. அவர் பழைய உடைகளைப் படிக்கத் தொடங்கினார். நோரா வா என்ற அறிஞர் 1964-ல் வெளியிட்ட, 1600 முதல் 1900 வரையிலான ஆண்களின் உடைவெட்டுகளைப் பற்றிய நூல் அவருக்கு ஆசானாக அமைந்தது. 1981-ல் லண்டனில் நடந்த அவருடைய முதல் மேடைக் காட்சியான 'பைரட்' தொகுப்பில் பழங்காலத்துச் சட்டைவெட்டு மீண்டும் எழுந்தது. உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து வெட்டாமல் சதுரமும் செவ்வகமுமாகத் துணியை வெட்டி இணைக்கும் முறை அது. நம் பழைய ஜிப்பாவில் அக்குளுக்குக் கீழே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்களே, கையைத் தூக்கினால் துணி பிடிக்காமல் இருக்க, அதே நுட்பம். 1985-ல் 'மினி கிரினி' வந்தது. விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் பாவாடைக்குள் வளையக்கூடு வைத்து அணிந்த கிரினோலினை அவர் தொடையளவுக்குக் குறைத்து, பாலே நடனக்காரியின் பாவாடையோடு சேர்த்துவிட்டார். 1987-ன் 'ஹாரிஸ் ட்வீட்' தொகுப்பில் பிரபுக்களின் வேட்டைக் கோட்டுத் துணியில் ஒரு கிரீடமே தைத்தார். 1993-ன் 'ஆங்கிலோமேனியா' தொகுப்பில் தன் கணவர் ஆண்ட்ரியாஸ் க்ரோன்தாலரின் பெயரில் புதிதாக ஒரு டார்ட்டன் கட்டத்தையே நெய்வித்தார். டார்ட்டன் வரலாற்றில் சாதாரணத் துணி அன்று. ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, 1746-ல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு ஆண்களின் உடையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. 1782-ல்தான் தடை நீங்கியது. பிறகு அதே துணி அரச குடும்பத்தின் பெருமையாயிற்று. தடையும் பெருமையும் மாறிமாறி ஏறிய துணியைக் கலகக்காரி ஒருவர் கையில் எடுத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கிரீடம், கோர்செட், ட்வீட், டார்ட்டன் என்று அவர் தொட்டவை யாவும் மேலோர் தமக்கென்று வைத்துக்கொண்டவை. அவற்றைக் கேலிச்சித்திரமாக்கிவிடாமல் மேலோரின் தையற்காரருக்கு நிகராகத் தைத்தார். ஆலைத் தொழிலாளியின் மகள் தைத்த கிரீடம் விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் அதன் தையல் விளையாட்டல்ல.

இப்போது திண்டிவனத்துக்கு வருவோம். அங்கிருந்து செஞ்சிச் சாலையில் மேற்கே போகப்போகத் திரௌபதியம்மன் வழிபாட்டின் தாய்நிலம் விரிகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி கோயிலை இந்த வழிபாட்டின் மூலத்தலமாகப் பலரும் கருதுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்தில் கட்டைவேடம் கட்டுபவரைக் கவனியுங்கள். தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், தலையில் உயர்ந்த கிரீடம். எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதித்தவை. இடுப்பில் அடுக்கடுக்காகத் துணியைச் சுற்றி மேலே பாவாடை விரிந்து நிற்கும். காலில் சலங்கை. இரண்டு பேர் திரை பிடிக்க, கட்டியக்காரன் கேள்வி கேட்க, திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு துரியோதனன் வருவான். கிறுகிறுவென்று சுழலும்போது அந்தப் பாவாடை குடையாக விரியும். வேகத்துக்குத் தோளும் தலையும் ஈடுகொடுத்து ஒரு கட்டையும் நழுவாமல் இருக்க வேண்டும் என்றால், கட்டும் கயிறு எங்கே குறுக்கே போகிறது, முடிச்சு எங்கே விழுகிறது என்பதெல்லாம் கணக்கு. அடுத்த நாள் காலை வயல்வேலைக்கோ கூலிக்கோ போகப்போகிற மனிதர் இரவு முழுக்க அரசராக நிற்கிறார். ஊர்ப் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். மினி கிரினியும் ட்வீட் கிரீடமும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் புதுமையாக இருந்திருக்கலாம். விரிந்த பாவாடையும் எளியவர் தலையில் ஏறிய கிரீடமும் திண்டிவனம் பக்கத்துத் திடல்களுக்குப் பழகிப்போனவை.

பாரதக்கூத்தின் உச்சம் துகிலுரிதல். சபையில் ஒரு பெண்ணின் சேலையை இழுப்பதும், இழுக்க இழுக்கச் சேலை வளர்வதும்தான் முழுக்கதையையும் போரை நோக்கித் தள்ளுகின்றன. அவிழ்ந்த கூந்தலைப் பதினெட்டாம் நாள் போர் முடியும்வரை முடியமாட்டேன் என்கிறாள் திரௌபதி. அந்தச் சபதம் முடிகிற படுகளக் காட்சிக்கு ஊரே கூடுகிறது. உடையிலும் சிகையிலும்தான் மானமும் அதிகாரமும் மோதுகின்றன என்பதை இந்த மண்ணுக்கு ஒருவர் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே வடதமிழ்நாட்டை விட்டுச் சற்றுத் தெற்கே போய் ஒரு சான்றைச் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் நீண்டது. 1859-ல் அரசு கடைசியாக இறங்கிவந்து மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. துணி உடுத்துவதைச் சகித்துக்கொண்ட அதிகாரத்தால், அதே பாங்கில் உடுத்துவதைச் சகிக்க முடியவில்லை. அதன் அச்சம் எங்கே இருந்தது என்பதை அந்த ஒரு நிபந்தனை காட்டிவிடுகிறது: மடிப்பில், விளிம்பில், ஒற்றுமையில். உடையின் நேர்த்தியை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

கூவாகத்து மணக்கோலத்தை இந்த வரிசையில்தான் வைக்கிறேன். கதை தெரிந்ததுதான். பாரதப் போரில் பாண்டவர் வெல்ல வேண்டுமானால் சாமுத்திரிகா லட்சணங்கள் நிறைந்த ஒருவன் பலியாக வேண்டும். அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் முன்வருகிறான். சாவதற்குமுன் மணம் முடிக்க ஆசைப்படுகிறான். மறுநாள் கைம்பெண்ணாகப் போகிறவளாக எந்தப் பெண்ணும் வரமாட்டாள் என்பதால் கண்ணனே மோகினியாக வந்து மணக்கிறான். வடமொழி பாரதத்தில் இந்தத் திருமணம் கிடையாது. இது நம் நாட்டார் மரபு ஈந்தது. பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் அந்த ஓரிரவு மோகினி ஆகிறார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் மணப்பெண்ணாகும் உரிமையைக் குடும்பம் பெரும்பாலும் தராத சமூகத்தில், மணப்பெண்ணின் உடையை அவர்கள் குறைவற அணிகிறார்கள்.

குறைவற அணிவது எவ்வளவு கடினம் என்பதைத் தையற்கடையில் பார்க்கலாம். திண்டிவனம் நேரு வீதியாகட்டும், விழுப்புரத்துக் கடைத்தெருவாகட்டும், ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண் கையோடு ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோவாள். தையற்காரர் அதை மேசையில் விரித்து, தோளையும் கையையும் இடுப்பையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். முதல்முறை ஜாக்கெட் தைக்கப் போகும் திருநங்கையிடம் அளவு ஜாக்கெட் இருக்காது. அம்மாவின் ஜாக்கெட், அக்காவின் ஜாக்கெட் என்று வழிவழியாக வரும் அளவும் அவருக்கு இல்லை. வழக்கமான வெட்டு அகன்ற தோளுக்குப் பொருந்தாது. கைவளைவை இறக்க வேண்டும், முன்பக்க டார்ட்டை வேறிடத்தில் பிடிக்க வேண்டும், முதுகுக் கழுத்து எவ்வளவு இறங்கினால் தோளின் அகலம் கண்ணுக்குக் குறைந்து தெரியும் என்று யோசிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு தைக்கிற ஒரு தையற்காரர் கிடைத்தால் அவர் பெயர் கைப்பேசிக்குக் கைப்பேசி போகும் என்பதில் வியப்பில்லை. சேலைக்கும் அப்படித்தான். பால்ஸ் வைத்து ஓரம் அடித்த பட்டில் கொசுவம் எத்தனை மடிப்பு, ஒவ்வொன்றும் எத்தனை விரல் அகலம், முந்தானையைத் தோளில் அடுக்கிக் குத்துவதா, விரித்து விடுவதா என்ற ஒவ்வொரு முடிவும் உயரத்தையும் இடுப்பையும் மாற்றிக் காட்டும். விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டுத் தறிகளில் நெய்யும் பட்டு, விறைப்பான சரிகைக் கரையோடு வந்தால் கொசுவம் தானே நிற்கும். மெல்லிய சிந்தடிக் சேலை என்றால் நழுவும், அதற்குக் கை வேறு. எந்தச் சேலையானாலும் கடைசியில் அதைப் பிடித்து நிறுத்துவது ஊக்கு. தமிழ்ப் பெண்கள் தாலிக்கொடியிலும் வளையலிலும் இரண்டு ஊக்கை எப்போதும் மாட்டிவைத்திருப்பதைப் பார்த்திருப்போம். லண்டனில் ஊக்கு வெளியே தெரிந்தது. தெரிவதுதான் அங்கே கலகம். இங்கே அது மடிப்புக்குள் மறைகிறது. மறைந்து, சேலை எந்தப் பிடிமானமும் இன்றித் தானாக நிற்பது போன்ற எளிமையைத் தருகிறது. பிறவியிலேயே சேலை கட்டத் தெரிந்தவள் என்ற தோற்றத்தை உழைத்துப் பெறுவதுதான் இங்கே கலகம். இரண்டில் கடினமானது இதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு பெண்ணியத் தரப்பிலிருந்து வருவது. தாலி, பட்டுச்சேலை, பூ, பொட்டு எல்லாம் பெண்ணை ஆணின் உடைமையாகக் குறிக்கும் அடையாளங்கள். அவற்றை விரும்பி அணிவது எப்படிக் கலகமாகும்? மறுநாள் அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, பொட்டழித்து வெள்ளைச்சேலை உடுத்துவது கைம்மைக் கொடுமையை மீண்டும் நடித்துக் காட்டுவதுதானே? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பெரியார் தாலியை எதிர்த்துப் பேசிய மண்ணில், பெண்கள் முடியைக் குறைத்துக்கொண்டு ஆண்களைப் போல உடுத்தலாம் என்று அவர் சொன்ன மண்ணில், அதைக் கேளாமல் கடந்துபோக முடியாது. கைம்மைச் சடங்கு எனக்கும் உறுத்தலையே தருகிறது. ஆனால் ஓர் அடையாளத்தைக் கழற்றுவதும் அதை மறுக்கப்பட்டவர் அணிவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. தாலி என்பது குறிப்பிட்ட உடலுக்கு, குறிப்பிட்ட சாதிக்குள், குறிப்பிட்ட குடும்பத்தின் ஒப்புதலோடு மட்டும் ஏறக்கூடியது என்ற எண்ணத்தில்தான் அதன் அதிகாரம் தங்கியிருக்கிறது. சாதி, மொழி, மாநிலம் எதுவும் கேட்காமல் ஒரே தெய்வத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் காலை அறுத்துவிடும்போது, அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. தோள்சீலை நிபந்தனையை எழுதியவர்கள் எந்த ஒற்றுமைக்கு அஞ்சினார்களோ அந்த ஒற்றுமை இங்கே முழுமையாக நிகழ்கிறது.

இது வழிபாடு, துக்கம். இதில் போய் உடையழகைத் தேடுவது மரியாதைக் குறைவு என்றும் சொல்லலாம். கோயிலில் சாத்துப்படி அழகாக இருந்தது என்று சொல்லும் பக்தரை யாரும் குறைசொல்வதில்லை. கூத்தில் வேடம் கட்டுமுன் கிரீடத்தைக் கும்பிடுகிறார்கள். பக்தியும் கைவேலையும் பிரிந்திருக்க வேண்டும் என்பது நம் மரபில் இல்லாத வழக்கு. திருநங்கையரின் துயரத்தை மட்டும் பார்த்து, அவர்களின் திறமையைப் பார்க்க மறுப்பதில்தான் மரியாதைக் குறைவு இருக்கிறது. 2008-ல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் பாலின அடையாளத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை ஏற்றது. நலமும் உரிமையும் எழுத்தில் வந்த பிறகும், ரசனையின் மொழியில் அவர்களைப் பற்றிப் பேச நாம் தயங்குகிறோம்.

வெஸ்ட்வுட் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு வேறு: கலகத்தை விற்றுக் காசாக்கினார் என்பது. அரசியைக் கேலி செய்தவர் 1992-ல் அரசியின் கையால் விருது வாங்கினார், 2006-ல் 'டேம்' ஆனார். குறைவாக வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள் என்று பிரசாரம் செய்துகொண்டே ஆண்டுதோறும் புதுத் தொகுப்புகளை வெளியிட்டார். முரண்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 29-ல் அவர் இறந்த பிறகு அவர் பெயரிலான நிறுவனம் 2025 ஏப்ரலில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் காட்சி நடத்தி, கதரையும் சந்தேரிப் பட்டையும் மேடையேற்றியது. ஆங்கிலேய அரசரின் வருகைக்கு நினைவாகக் கட்டிய வாயிலின் முன்னால், பிரிட்டிஷ் ஆலைத்துணியை எதிர்த்து நின்ற கதர், ஆலை நெசவாளியின் மகள் பெயரில் நடந்துவந்தது. வியாபாரம்தான் என்றாலும் அந்தக் காட்சியின் வரலாற்றுக் கனத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். கூவாகத்து அழகிப் போட்டியிலும் விளம்பரமும் மேடையும் வந்துவிட்டன என்ற புகார் உண்டு. போட்டி ஒருவருக்கு மகுடம் சூட்டுகிறது. சித்திரைப் பௌர்ணமி இரவு வந்தவர் அனைவரையும் மணப்பெண்ணாக்குகிறது. முன்னதற்காகப் பின்னதைக் குறைத்து மதிக்க வேண்டியதில்லை.

வெஸ்ட்வுட்டின் உடைகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2004-ல் பெரிய கண்காட்சியாக வைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் படித்த நோரா வாவின் புத்தகம். பெயர் தெரியாத பழைய தையற்காரர்களின் வெட்டுகளை அளவோடு வரைந்து வைத்த அந்தப் புத்தகம் இல்லையென்றால், பட்டம் வாங்காத ஓர் ஆசிரியை 'பைரட்' சட்டையை வெட்டியிருப்பது கடினம். அப்படி ஒரு வெட்டுப் புத்தகம் இந்த வட்டாரத்துக்கு வேண்டும். கட்டைவேடத்தின் கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றி எங்கே முடிகிறது, பாவாடைக்குள் எத்தனை அடுக்கு, புஜக்கட்டையின் வளைவு எத்தனை விரல் என்று செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கூத்து ஜமாக்களில் வேடம் கட்டுபவர்களைக் கேட்டு வரைய வேண்டும். அகன்ற தோளுக்குக் கைவளைவை எவ்வளவு இறக்குவது, டார்ட்டை எங்கே பிடிப்பது என்று கூவாகத்துக்காக ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களைக் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் போட வேண்டும். வரைபவர்கள் திருநங்கையராக இருந்தால் இன்னும் நல்லது. எந்த அளவு எங்கே உறுத்தும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அளவு ஜாக்கெட் இல்லாமல் தையற்கடை வாசலில் நிற்கும் அடுத்த பெண், அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தையற்காரரிடம் நீட்டலாம்.